கலர் எங்கே போனது?



மைசூருக்கு வடக்கே மலைமேல் இருக்கிறது மேல்கோட்டை. தமிழில் திருநாராயணபுரம் என்பார்கள். பங்குனி மாதம் அங்கே வைரமுடி சேவை. மண்டியா கருவூலத்திலிருந்து பலத்த காவலோடு வைரமுடி வரும். இரவில் செல்வப்பிள்ளை அதைச் சூடிக்கொண்டு வீதி உலா வருவார். கூட்டத்தில் நிற்க முடியாத வயதானவர்கள் வீட்டில் டி.வி.யில் பார்ப்பார்கள்.

அன்றைக்கென்று பார்த்து டி.வி.யில் கலர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் வருகிறது. பேச்சும் கேட்கிறது. ஆனால் எல்லாம் கருப்பு வெள்ளை. தங்கமும் சாம்பல் நிறம், பட்டும் சாம்பல் நிறம். பழைய பெட்டி டி.வி. என்றால், பார்க்க வருபவர் "டியூப் போய்விட்டது" என்று சொல்லக்கூடும். டியூப் மாற்றுவது சின்னச் செலவா? பணத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

டியூபில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள் உண்டு. சிவப்பு போனால் படம் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். நீலம் போனால் மஞ்சளாகத் தெரியும். சுத்தமான கருப்பு வெள்ளையில் படம் தெரிந்தால், பெரும்பாலும் டியூபில் கோளாறு இல்லை. அப்படியானால் கலர் எங்கே போனது?

மேல்கோட்டைப் புளியோதரை பேர்போனது. சோறு தனி, புளிக்காய்ச்சல் தனி. இரண்டையும் கலந்தால்தான் புளியோதரை. டி.வி. படமும் அப்படித்தான். கருப்பு வெள்ளைப் படம் சோறு. கலர், புளிக்காய்ச்சல். வரும் சைகையிலிருந்து கலரைப் பிரித்தெடுத்துப் படத்தோடு சேர்க்கும் பகுதிக்கு டீகோடர் என்று பெயர். தூர்தர்ஷன் 1982 ஆகஸ்ட் 15 அன்று கலரில் காட்டத் தொடங்கியது. அப்போது வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் கருப்பு வெள்ளைப் பெட்டிகள். அவற்றை யாரும் தூக்கிப் போடவில்லை. அவை கலரை விட்டுவிட்டு, சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டன.

புளிக்காய்ச்சல் செய்வது வீட்டுக்கு வீடு வேறு. கலர் அனுப்பும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் முறை என்.டி.எஸ்.சி. அதில் வழியில் நிறம் மாறி, முகம் பச்சையாகத் தெரிவதுண்டு. ஜெர்மனியில் வால்ட்டர் புரூக் என்ற பொறியாளர் 1960களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். படம் பல வரிகளால் ஆனது. கலரில் ஒரு பகுதியை ஒரு வரியில் நேராகவும், அடுத்த வரியில் திருப்பியும் அனுப்பினார். ஒரு வரியில் வரும் பிழையை அடுத்த வரி சரிக்கட்டிவிடும். இந்த முறைக்குப் பெயர் பால். குடிக்கும் பால் இல்லை. பி, ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். இந்தியா எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இன்று பல வீடுகளில் டி.வி.யோடு ஒரு செட்டாப் பெட்டி இருக்கிறது. குழந்தைகள் ரிமோட்டை அழுத்தி விளையாடும்போது, பெட்டியின் முறை அமெரிக்க முறைக்கு மாறிவிடலாம். பழைய டி.வி.யின் டீகோடருக்கு அது புரியாது. கலரை விட்டுவிடும். சில சமயம் படம் மேலும் கீழும் உருளும். பெட்டியின் மெனுவில் மூன்றே எழுத்து உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். டி.வி.யின் மெனுவிலும் அப்படியே செய்யுங்கள், அல்லது 'ஆட்டோ'வில் விடுங்கள்.

வயரையும் பாருங்கள். மஞ்சள் முனை படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. மஞ்சள் முனையைப் பச்சைத் துளையில் செருகினாலும் படம் கருப்பு வெள்ளையாகத்தான் வரும். சில புதிய டி.வி.களில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே துளை. அப்போது ரிமோட்டில் 'ஏ.வி.'யைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கலர் வந்துவிட்டதா? இனி அளவு. முதலில் கலரை அடியோடு குறையுங்கள். படம் கருப்பு வெள்ளையாக இருக்கும்போதே வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். கருப்புத் தலைமுடி கருப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளை வேட்டியின் மடிப்பும் தெரிய வேண்டும். பிறகு கலரைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பட்டுப்புடவையைப் பார்த்துக் கூட்டாதீர்கள். அந்தப் பட்டின் உண்மை நிறம் யாருக்குத் தெரியும்? மனித முகத்தையும் வாழை இலையையும் பாருங்கள். அவை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 'டிண்ட்' என்று ஒன்று இருந்தால் தொடாதீர்கள். பால் முறையில் அதற்கு வேலை இல்லை.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பழைய பெட்டி டி.வி.யின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். உயிரையே எடுத்துவிடும்.

இவ்வளவும் செய்தும் கலர் வரவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். முறையைப் பார்த்தாயிற்று, வயரைப் பார்த்தாயிற்று என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.