வாத்தியார் வேலையை விட்ட பேராயர்

 

இன்று உங்களுக்கு ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் டெஸ்மண்ட் டூட்டு. ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயர் என்று உலகம் அவரை அறியும். ஆனால் அவர் முதலில் எங்களைப் போல வகுப்பறையில் நின்ற ஆசிரியர்தான்.

1931-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாயார் வெள்ளையர் வீடுகளுக்குத் துணி துவைத்தவர். மருத்துவம் படிக்க இடம் கிடைத்தும் கையில் பணமில்லை. ஆகவே ஆசிரியர் பயிற்சி பெற்று 1954-இல் வேலைக்குச் சேர்ந்தார்.

அதற்கு முந்திய ஆண்டுதான் வெள்ளையர் அரசாங்கம் ‘பாண்டு கல்விச் சட்டம்’ கொண்டு வந்தது. கூலி வேலைக்குப் போகப் போகிற கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்பதே அதன் உட்கருத்து. பெற்றோர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? “மரம் வெட்டப் போற பயலுக்குப் படிப்பு எதுக்கு?” என்று நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் கேட்டவர்கள் உண்டல்லவா?

பிள்ளைகளை மட்டம் தட்டும் கல்விக்குத் துணைபோக டூட்டுவுக்கு மனம் வரவில்லை. 1957-இல் வேலையை விட்டார். ஆசிரியையான அவர் மனைவி லியாவும் விட்டார். பிறகு சமயக் கல்வி பயின்று 1961-இல் குருவானார். 1976 மே மாதம், மக்கள் பொறுமை இழந்து வருகிறார்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். அரசு செவிசாய்க்கவில்லை. ஜூன் 16-இல் சொவேட்டோ மாணவர்கள், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் திணிக்கப்பட்டதை எதிர்த்து வீதியில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டுப் பிள்ளைகள் மாண்டனர்.

1984-இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 1986-இல் கேப் டவுன் பேராயரானார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது பதவியால் அல்ல. எதிரியைக் கண்டிப்பது சுலபம். தம்மவரைக் கண்டிக்கத்தான் துணிச்சல் வேண்டும். 1985-இல் டுடுசா என்ற ஊரில், போலீசின் உளவாளி என்று சந்தேகித்து ஒருவனை எரிக்க முனைந்தது கறுப்பினக் கூட்டம். டூட்டு உள்ளே புகுந்து அவனைக் காப்பாற்றினார். 1996-இல் பேராயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1998-இல் வந்த அதன் அறிக்கை வெள்ளையர் அரசைக் கண்டித்தது. விடுதலைக்குப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தவறுகளையும் மறைக்கவில்லை. அக்கட்சி தடைகோரி நீதிமன்றம் போனது, தோற்றது.

2021 டிசம்பர் 26-இல் டூட்டு மறைந்தார். அவர் விருப்பப்படியே இறுதிச் சடங்கில் அவர் உடல் விலை குறைந்த சாதாரணப் பைன் மரப் பெட்டியில்தான் வைக்கப்பட்டிருந்தது.

மாணவர்களே, நம்ம கூட்டாளி செய்தாலும் தப்பு தப்புதான் என்று சொல்லப் பழகுங்கள். பெற்றோர்களே, பரிசு வாங்கின பிள்ளையோ வாங்காத பிள்ளையோ, “உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு?” என்ற சொல் மட்டும் நம் வீட்டில் கேட்க வேண்டாம். அந்த ஒரு சொல்லை ஏற்க மறுத்துத்தான் ஓர் ஆசிரியர் தம் வேலையையே விட்டார்.