வந்து நிற்கும் வாசலில் கேட்போம்



யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை தொடங்கப்பட்டதோ, அந்த அம்மையார் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியில் சேர்ந்து, அதே பணியில் ஓய்வு பெற்றவர். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர். அவர் பெயரில் நடக்கும் கூட்டத்தில் மனநலம் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். மனநலச் சமூகப் பணியாளனாக வேலை பார்த்தவன் நான். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு அது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல், அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் குறையோடு இருந்தார்கள். மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்றவை இருந்தவர்களில் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எதுவும் கிடைக்கவில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்களிலும் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சிகிச்சையில் இல்லை.

இந்தக் கணக்கைச் சொன்னதும், மருத்துவர்கள் போதவில்லை, மருத்துவமனைகள் போதவில்லை என்று பேச்சு போகும். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த 85 பேரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் பலர் ஏற்கெனவே வேறொரு வாசலில் வந்து நிற்கிறார்கள். சர்க்கரை நோய்ப் பிரிவில் நிற்கிறார்கள், பிரசவ வார்டில் இருக்கிறார்கள், கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறார்கள். அங்கே அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஓர் அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவு. காலை எட்டு மணிக்கே வரிசை வராந்தாவைத் தாண்டிவிட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மஞ்சள் பைக்குள் சர்க்கரை நோட்டு. மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "மாத்திரை போடுறீங்களாம்மா?" என்றார். "போடுறேன் சார்." "அப்புறம் ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?" அம்மா பேசவில்லை. மருந்தின் அளவு கூட்டி எழுதப்பட்டது. அடுத்தவர் வந்துவிட்டார். மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, வெளியே அத்தனை பேர். நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா என்று மட்டும்தான் கேட்டேன். "தூக்கம் எங்க சார். பெரியவன் போனதுலேருந்து உலை வைக்கவே மனசு வரல. வெறும் வயித்துல மாத்திரை எதுக்குன்னு நிறுத்திட்டேன்." பெரியவன் இறந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது நோட்டில் இருந்தது. ஏன் ஏறியது என்பது நோட்டில் இல்லை.

சென்னையில் 'க்யூர்ஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 25,000க்கும் மேற்பட்ட நகரவாசிகளைக் கேட்டதில், 15 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெண்களிடமும், வருமானம் குறைந்தவர்களிடமும், துணையை இழந்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. சர்க்கரையும் மனச்சோர்வும் ஒன்றை ஒன்று வளர்ப்பவை. மனம் சோர்ந்தவர் மாத்திரையை விடுகிறார், நடையை விடுகிறார், நேரத்துக்குச் சாப்பிடுவதை விடுகிறார். சர்க்கரை ஏறுகிறது. கால் எரிச்சல், கண் மங்கல் என்று அடுத்தடுத்து வரும்போது மனம் இன்னும் கீழே போகிறது.

இதற்கு வழி இருக்கிறது என்று காட்டிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. சென்னை உட்பட நான்கு நகரங்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில், இரண்டு நோயும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடத்தியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். இவர் மருத்துவர் அல்லர். நோயாளியிடம் பேசுவார், மனநிலையையும் சர்க்கரையையும் சேர்த்தே கவனிப்பார், வராதவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். மனநல மருத்துவர் பின்னால் இருந்து ஆலோசனை சொல்வார். இரண்டு ஆண்டு முடிவில் ஒருங்கிணைப்பாளர் கவனித்தவர்களின் நிலை தெளிவாகவே மேம்பட்டிருந்தது. புதிய மருந்து எதுவும் இதில் இல்லை. ஒருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவர் உள்ளூர்ப் பெண். அவர் திண்ணையில் உட்கார்ந்து, கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்தே இருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லாமல் போய்விட்டதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஆமாம் என்று பதில் வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கேட்க வைப்பது அவருக்கும் பாரம், பதில் சொன்னவருக்கும் ஏமாற்றம்.

பிள்ளை பெற்ற தாய்மார்களின் கதை வேறு. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பேறுகாலத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். காரணங்களைப் படித்தால் நமக்குத் தெரிந்த வீடுகளெல்லாம் கண்முன் வரும். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைப்பிள்ளையோடு இருப்பவளுக்கு ஒத்தாசைக்கு ஆளில்லாமை. இவற்றில் எதுவும் மாத்திரையால் மட்டும் தீராது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் நாளில் எடை போடுகிறோம், அட்டையில் குறிக்கிறோம். தாயின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பதற்கு அட்டையில் கட்டமில்லை. இந்த அரங்கில் இருக்கும் செவிலியர் கல்லூரி மாணவியர் நாளை அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அதே கணியம்பாடியிலிருந்து 2004இல் வந்த இன்னொரு ஆய்வு படிக்கவே கனமானது. பத்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் தற்கொலைகளைப் பத்தாண்டுக் கால அளவில் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு லட்சம் பெண் பிள்ளைகளுக்கு 148, ஆண் பிள்ளைகளுக்கு 58. பெண் பிள்ளைகளின் எண் இரண்டரை மடங்கு. பல நாடுகளில் இந்த வயதில் ஆண்கள் எண்ணிக்கைதான் கூடுதல். இங்கே அது தலைகீழாக இருந்தது ஏன் என்று நாம் இன்னும் உரக்கப் பேசவில்லை.

கிராமப்புறத் தற்கொலைகளில் பூச்சிமருந்தின் பங்கு பெரிது. 1986இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு முயற்சி செய்தார். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொது இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைப்பது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள். ஆனால் இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வில் பயன் தெரியவில்லை. வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டிலேயேதானே இருக்கிறது! அதே இலங்கை, மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை 1995லும் எண்டோசல்ஃபானை 1998லும் தடை செய்தது. 2005க்குள் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. நொடிப் பொழுதில் வரும் முடிவைத் தாமதப்படுத்தினால் உயிர் பிழைக்கிறது. ஆகவே வேளாண்மைத் துறையின் ஒரு கோப்பும் மனநலக் கோப்புதான். இதைக் கேட்கும் யாருக்கேனும் மனம் தாங்காத நேரம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இனி கோயில், தர்கா. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை ஏர்வாடி தர்காவை ஒட்டி மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நாடே பதறியது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. சங்கிலிக்கு எந்த நியாயமும் கிடையாது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் மக்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றி ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்கள். கூடவே வீட்டார் ஒருவர். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் பூசை, பகலில் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. யாரும் விரட்டாத இடம், செய்ய ஒரு வேலை, பக்கத்தில் உறவு. மருந்தை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே கிடைப்பதை நம் வார்டுகளில் ஏன் தர முடியவில்லை என்று கேட்கிறேன்.

மனச்சிதைவு நோய்க்கு மருந்து அவசியம். மருந்தோடு வீட்டுக்கு வரும் ஆளும் அவசியம் என்பதற்கு 2014இல் வெளிவந்த ஆய்வு சான்று. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய இடங்களில் 282 நோயாளிகள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் வந்தவர்களின் நிலை ஓரளவு மேம்பட்டது. பலன் மிகப் பெரிது என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பகுதியில் கூடுதலாக இருந்தது.

இதுவரை சொன்ன எல்லா ஆய்விலும் நோயாளிக்கு ஒரு வீடு இருந்தது. இல்லாதவர்கள்? அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே இருப்பதாக 2019இல் வெளிவந்த ஓர் அறிக்கை சொன்னது. குணமானவர்களும் அதில் உண்டு. அழைத்துப் போக ஆள் வரவில்லை. முகவரி தவறு, அல்லது முகவரியில் இருப்பவர்கள் கதவைத் திறக்கவில்லை. பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. கணவன் வேறு மணம் முடித்திருப்பான், அண்ணன் வீட்டில் இடம் இருக்காது.

1993இல் சென்னையில் தொடங்கிய பானியன் அமைப்பு இவர்களுக்காக 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றைச் செய்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. துணைக்கு ஒரு பணியாளர். சந்தைக்குப் போவதும், இன்று என்ன குழம்பு என்று முடிவு செய்வதும், எந்த சீரியல் பார்ப்பது என்று சண்டை போடுவதும் அவர்களே. பல ஆண்டுகள் பிறர் போட்ட தட்டில் சாப்பிட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிது என்பதை வார்டில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

இத்தகைய ஏற்பாட்டுக்கு முதலில் வீடு வேண்டும். மனநோய் இருந்தவர்கள் என்றதும் தரகர் பேச்சை மாற்றுவார், வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவார். இந்த அரங்கில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் தெருவில் அப்படி நான்கு பெண்கள் வீடு கேட்டு வந்தால் கொடுங்கள். உங்கள் வீடு காலியாக இல்லையென்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர்களுக்காக ஒரு வார்த்தை பேசுங்கள்.