பெயரன் தேடும் பெயர்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூவேந்தர் வரலாற்றை முறையாகச் சொல்லவல்ல தமிழரிடம், "உம் பூட்டன் பெயர் யாது?" என்று வினவிப் பார்க்க. பலர் வாய்திறவார். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று தலைமுறைதோறும் தனிச்சொல் படைத்துக்கொண்ட இனம், அச்சொற்களுக்குரிய ஆட்களை மறந்து நிற்கின்றது. சொல் இருக்கின்றது, ஆள் இல்லை!

குடிவரலாறு என்றவுடன் குலப்பெருமை பேசுவதென்று கருதற்க. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பது வள்ளுவர் நெறிக்கே பகையாகும். தன்னைப் பெற்று வளர்த்தோர் யாவர், எவ்வூரில் உழைத்தனர், எதனால் இடம்பெயர்ந்தனர் என்று அறிவது வேறு. அதனைக் கொண்டு பிறரைத் தாழ்த்துவது வேறு. முன்னது அறிவு, பின்னது அறியாமை.

திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்க. 1910-ஆம் ஆண்டுவரை திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுட் சேர்ந்தது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்தின்பாற் பட்டது. இராசபாளையமோ முன்னர்த் திருவில்லிபுத்தூர் வட்டத்துள் அடங்கியிருந்து, பின்னரே தனி வட்டமாயிற்று. ஒரே வீட்டில் அடுத்தடுத்து வாழ்ந்த பாட்டனும் மகனும் பெயரனும் மூன்று மாவட்டத்தாராகப் பதிவாகியிருத்தல் கூடும். வீடு நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. இஃதறியாதார், 1900-ஆம் ஆண்டுச் செய்தியை இராமநாதபுரத்து ஏடுகளில் தேடிக் களைத்து, "ஒன்றுமில்லை" என்று மீள்வர்.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தம் பாடல்களில் வில்லிபுத்தூர் என்றும் புதுவை என்றும் தூய தமிழிலேயே தம் ஊரைக் குறித்தனர். பின்வந்தோர் 'திரு' என்னும் அருந்தமிழ் அடையை அகற்றி, வடசொல்லை முன்னே ஒட்டினர். ஆங்கிலேயர் தம் நாவிற்கேற்ப எழுதினர். திருநெல்வேலி 'தின்னவெல்லி' ஆயிற்று. பழைய ஆவணங்களைத் தேடுவார் இத்திரிபுகளையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்பிற்கேற்பத் திருத்த 2020-இல் தமிழ்நாட்டு அரசு ஆணை வெளியிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றமை ஈண்டு நினையத்தக்கது.

இனி, எவ்வேடுகளில் தேடுவது?

முதலாவது, பிறப்பு இறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தில் 1899-இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பெற்றது. பின்னர் 1969-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. பழைய ஏடுகளிற் குழந்தையின் பெயரைத் தேடி ஏமாறற்க. பெயரிடுமுன்னரே பதிந்தமையால், பல இடங்களில் 'ஆண்', 'பெண்' என்ற குறிப்பே காணப்படும். ஆதலின் தந்தை பெயரையும் நாளையும் கொண்டே தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, சார்பதிவகத்து ஆவணங்கள். விற்பனை ஆவணம் இருவர் பெயரைத்தான் தரும். பாகப்பிரிவினை எனப்படும் பங்கீட்டு ஆவணமோ உடன்பிறந்தார் அனைவரையும், அவர்தம் தந்தையையும், சிலபோது பாட்டனையும் ஒருங்கே நிறுத்தும். ஆனால் அதில் மகளிர் பெயர் அரிது. மகளுக்கும் மகனுக்கும் குடும்பச் சொத்தில் ஒத்த உரிமை வழங்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெண், குடும்பச் சொத்தில் ஒத்த பங்காளி இல்லை. ஆகவே ஏட்டிலும் இல்லை! பூட்டியின் பெயரைப் பாட்டியின் வாயினின்றே பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, நில ஏடுகள். பட்டா, அடங்கல், 'அ' பதிவேடு என்பன நிலத்தின் வழியே ஆளைக் காட்டும். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய உடைமையாளர் பெயர்கள் நீக்கப்பட்டுப் புதியவை ஏறின. எனவே அதற்கு முற்பட்ட ஏட்டையும் பிற்பட்ட ஏட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பின், ஒரு தலைமுறை மற்றொன்றிற்கு நிலத்தை விட்டுச்சென்றது விளங்கும். வழிவழியாக வந்த ஊர்க்கணக்கர் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. பிறப்பே பதவிக்குத் தகுதி என்ற முறை ஒழிந்தது நன்றே. ஆயினும், ஊராரின் உறவுமுறைகளை விரல்நுனியில் வைத்திருந்தோரின் நினைவும் அவர்களோடு போயிற்று.

அவையீர்! நிலமுடையார்க்கு நில ஏடு உண்டு. நிலமில்லா உழைப்பாளிக்கு எந்த ஏடு உண்டு? கொடுமை யாதெனின், அவன் தாய்மண்ணை விட்டுப் போனபோதுதான் அவனைப் பதிந்தனர். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அக்கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், அகவை, குலம், மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள மருவும் தழும்பும்கூட எழுதப்பட்டன. அங்குள்ள தமிழர் இன்று தம் வேரைத் தேடுவது அப்பட்டியல்களைக் கொண்டே. அவருள் திருவில்லிபுத்தூர் வட்டத்து வழிவந்தார், 'திருநெல்வேலி' என்ற தலைப்பின்கீழ்த் தேடினாலன்றித் தம் ஊரைக் காணார்.

ஏடு இல்லாமையால் நேர்ந்த பேரிழப்பிற்கு இலங்கை மலையகமே சான்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வழிவழிக் குடியுரிமைக்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவர்? பல இலக்கம் தமிழர் நாடற்றோர் ஆயினர். 1964-இல் இருநாட்டுத் தலைமையமைச்சர்கள் செய்த உடன்படிக்கை, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். பூட்டன் பெயர் பழங்கதை அன்று. குடியுரிமை, நிலம், வாழ்வு ஆகிய அனைத்தும் அதில் தொங்கியிருந்தன.

ஏடுகள் பொய்த்தாலும் தமிழ் பொய்க்கவில்லை. பேரன் என்பது பெயரன். பாட்டன் பெயரைத் தாங்கியவன். பேர்த்தி என்பது பெயர்த்தி; பாட்டி பெயரைத் தாங்கியவள். ஒன்றுவிட்ட ஒரு தலைமுறையில் ஒரே பெயர் மீண்டும் வருதலின், பெயரனைக் கண்டால் பாட்டனை அறியலாம். உறவுச்சொல்லையே பதிவேடாக்கிய மொழி இது! அம்மரபை விடுத்துப் பொருள் விளங்கா வடமொழிப் பெயர்களைச் சூட்டுவார், தமிழை மட்டுமன்றித் தம் பாட்டனையும் துறக்கின்றனர்.

தலைப்பெழுத்திலும் ஒரு குறை உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத் தலைமையமைச்சராய் விளங்கிய இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி இராசாவின் தலைப்பெழுத்துகளுள் 'பூ' என்பது பூசபாடி என்னும் குடிப்பெயர். 'ச' என்பது தந்தையார் சஞ்சீவியின் பெயர். தெலுங்கு பேசும் அக்குடியினர்க்கு வீட்டுப்பெயர் தலைமுறை கடந்து நிற்கின்றது. தமிழர் பலர் சூடும் ஒற்றைத் தலைப்பெழுத்தோ அடுத்த தலைமுறையில் மறைகின்றது. குலப்பட்டத்தை உதறிய தமிழர் செயல் போற்றற்குரியது. அதனை மீண்டும் சூட வேண்டா. தாய் தந்தை இருவர் பெயரையும் முழுமையாக எழுதினாலே போதும்.

தனித்தமிழ்ப் பெயர் பூண்டார்க்கும் ஒன்று கூறவேண்டும். வேதாசலம் மறைமலையடிகள் ஆனதையும், சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞர் ஆனதையும் உலகறியும். சங்கரன்கோயிலில் 1902-இற் பிறந்து, இளமையில் இராசபாளையத்தை அடுத்த முறம்பில் ஆசிரியராயிருந்த பாவாணர், தேவநேசன் என்ற பெயரைத் தேவநேயன் என மாற்றிக்கொண்டதையும் வரலாறு சொல்லும். பெயர் மாற்றிய எளியவர்க்கு யார் வரலாறு எழுதுவார்? மாற்றத்தை அரசிதழில் வெளியிடுக. அவ்விதழ்ப் படியை வீட்டு ஆவணங்களோடு சேர்த்து வைக்க. இல்லையேல் தமிழ்ப்பற்றே பெயரனுக்கு முட்டுக்கட்டையாகும்.

இன்றே ஒரு குறிப்பேடு வாங்குக. வீட்டு முதியோரை அமர்த்தி, இரு வழியிலும் ஆண் பெண் அனைவர் பெயரையும், பிறந்த ஊரையும், பெண் கொண்ட, கொடுத்த ஊர்களையும் தமிழில் எழுதுக. பரணிலுள்ள பழைய ஆவணங்களைப் படியெடுத்துக்கொள்க. ஆவணம் காத்திருக்கும், அகவை முதிர்ந்தோர் காத்திரார்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!