நோயாளரைப் பார்ப்போரின் உளநலம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், சுகாதாரத் துறையிலுள்ள பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர்கள், தாதிய உத்தியோகத்தர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், மருந்தாளர்கள், ஆய்வுகூடத்தில் இருப்போர், வைத்தியசாலைச் சிற்றூழியர் என்று எம்மில் பலர் இத்துறையில் இருக்கிறோம். சிலர் ஓய்வு பெற்றுவிட்டோம். சிலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இதே வேலையைச் செய்கிறோம். நோயாளரைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று நோயாளரைப் பார்ப்போரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

இக்கல்லூரி எமக்குக் கற்றுத்தந்த பெரிய சொல் சேவை. அச்சொல்லை நாம் கைவிடப் போவதில்லை. ஆனால், சேவை செய்பவளுக்குக் களைப்பு வரக்கூடாது, வந்தாலும் வாய் திறக்கக்கூடாது என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது. "மிஸி களைச்சுப் போனா" என்று யாரும் சொல்வதில்லை. "மிஸி எரிஞ்சு விழுறா" என்றுதான் சொல்வார்கள். அந்த எரிச்சலுக்குப் பின்னால் எத்தனை நாள் உறக்கமின்மை இருக்கிறது என்று கேட்பாரும் இல்லை.

இந்த நிலையை 1974 இல் ஹேர்பேட் ஃபுரொய்டன்பேர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுத்தில் பதிந்தார். இலவச மருத்துவ நிலையங்களில் மனமொன்றி வேலை செய்தவர்களே காலப்போக்கில் உள்ளே எரிந்து தீர்ந்துபோவதை அவர் கண்டார். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய் வகைப்படுத்தலின் 11 ஆவது பதிப்பில் இதற்கு இடம் கொடுத்தது. நோய் என்று அல்ல, தொழிலால் வரும் ஒரு நிலை என்றே அது குறிக்கப்பட்டுள்ளது. மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: உடலும் மனமும் வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புக் கொள்ளுதல், என்னால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. நோயாளியைப் பெயரால் அழைத்தவள் கட்டில் இலக்கத்தால் அழைக்கத் தொடங்குகிறாள். லீவு எடுத்து இரண்டு நாள் படுத்து எழும்பியும் களைப்புத் தீர்வதில்லை. கடமைக்குப் புறப்படும்போதே நெஞ்சு கனக்கிறது.

வேலைத்தலத்து நெருக்கீட்டால் வருவதென்றால், அதற்கான பரிகாரத்தின் பெரும்பங்கும் வேலைத்தலத்திலேயே இருக்கவேண்டும். தியானமும் யோகாசனமும் நல்லவைதான். ஆனால் கட்டில்கள் நிறைந்து, நிலத்திலும் பாய் விரித்து நோயாளர் படுத்திருக்கும் வாட்டில் இரவு முழுவதும் இரண்டு பேர் மட்டும் நிற்கும் கணக்கைத் தியானம் மாற்றாது.

எம்மை வாட்டுபவை எவை? இரவு ஏழு மணிமுதல் காலை ஏழு மணிவரையான இரவுக் கடமை ஒன்று. உடலின் உறக்கக் கடிகாரம் வெளிச்சத்தோடு கட்டுண்டது. பகல் உறக்கம் இரவு உறக்கத்துக்கு ஈடாவதில்லை. அடுத்தது மரணங்கள். ஒரு பிள்ளை இறந்துபோன அடுத்த நிமிடமே பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட முகத்தைச் சரிசெய்துகொண்டு போகவேண்டியிருக்கிறது. மூன்றாவது, பார்வையாளரின் கோபம். மருந்து இல்லாததும் படுக்கை இல்லாததும் எமது கையில் இல்லை. 2022 இல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, "வெளியில் வாங்கி வாருங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. ஏச்சையும் நாமே கேட்டோம். அதன்பின் பலர் நாட்டை விட்டுப் போக, அவர்களின் வேலையும் இருப்பவர்களின் தோளில் ஏறியது.

நான்காவது, வீடு. கடமை முடிந்து வரும் ஆண் களைத்து வந்திருக்கிறார் என்று தேத்தண்ணி கொடுக்கிறோம். கடமை முடிந்து வரும் பெண் நேரே அடுப்படிக்குப் போகிறாள். பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்பு, மாமியாரின் மருந்து, மத்தியானச் சமையல் எல்லாம் முடித்து அவள் கண்ணயரும்போது அடுத்த கடமைக்கு நேரமாகிவிடும்.

இவை எல்லா நாட்டிலும் உள்ளவை. எமது மண்ணில் மேலும் ஒரு சுமை உண்டு. 1987 ஒக்ரோபர் 21, 22 ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலையில் கடமையில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார்கள். 2004 ஆழிப்பேரலை வந்தபோதும், 2009 இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளிலும், சொந்த உறவுகள் எங்கே என்று தெரியாமலே பிறரின் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த நாளும் அவர்கள் கடமைக்கு வந்தார்கள். அவர்களைத் தியாகிகள் என்றோம். நீங்கள் உறங்குகிறீர்களா என்று கேட்டவர் மிகச் சிலரே.

என்ன செய்யலாம்? எமது அனுபவத்திலிருந்து சிலவற்றை முன்வைக்கிறோம்.

பொறுப்பில் இருப்போருக்கு: கடமைப் பட்டியலை முன்கூட்டியே தாருங்கள். இரவுக் கடமை முடித்தவரை அன்றே திரும்ப அழைக்காதீர்கள். கதவு பூட்டக்கூடிய ஓர் ஓய்வறை, சுத்தமான மலசலகூடம், குடிக்கத் தண்ணீர் ஆகியவை சலுகைகள் அல்ல. வாட்டில் ஒரு மரணமோ தவறோ நேர்ந்தால், விசாரணைக்கு முன்னர் ஐந்து நிமிடம் அந்தக் குழுவை இருத்திக் கதைக்க விடுங்கள். தவறொன்றில் நோயாளிக்கு அடுத்ததாகப் பாதிக்கப்படுபவர் அங்கே நின்ற ஊழியரே என்பதை அமெரிக்க வைத்தியர் அல்பேர்ட் வூ 2000 இல் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்ற தொடரால் உணர்த்தினார்.

இளைய சகோதரிகளுக்கு: இரவுக் கடமையில் வாய்ப்புக் கிடைத்தால் இருபது நிமிடமாவது கண்ணயருங்கள். கோப்பியை முற்பகுதி இரவோடு நிறுத்துங்கள். உறக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டி வீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் துக்கம் விலகாவிட்டால், எதிலும் விருப்பம் இல்லாமற் போனால், சாவைப் பற்றிய எண்ணம் வந்தால், அது வெறும் களைப்பல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். 1974 முதல் இயங்கும் சுமித்திரயோவும் காது கொடுக்கும். உளமருத்துவரிடம் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எம்மிடமே அதிகம் இருக்கிறது. நோயாளிக்குச் சொல்லும் புத்திமதியை நாமும் கேட்போம்.

குடும்பத்தாருக்கு: வாசலில் வைத்தே குறைகளைச் சொல்லத் தொடங்காதீர்கள். அன்றைய சமையலை யாராவது பொறுப்பெடுங்கள். அவள் உறங்கும் அறைக்குத் திரை போடுங்கள்.

இறுதியாக, எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இங்கு நள்ளிரவாகும்போது லண்டனில் மாலை. ரொறன்ரோவில் மத்தியானம் திரும்பிய நேரம். இரவுக் கடமையில் மனம் உடைந்து நிற்கும் ஓர் இளையவள் கதைக்க விரும்பினால், எமது மூத்தவர்களில் யாரோ ஒருவர் உலகின் ஏதோ ஒரு மூலையில் விழித்திருப்பார். அப்படிக் கதை கேட்கச் சம்மதிக்கும் ஓய்வுபெற்றோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை இந்த நூற்றாண்டில் தொடங்குவோம். புத்திமதி வேண்டாம், கேட்டது வெளியே போகாது என்ற உறுதி போதும். கட்டடத்துக்கும் பரிசுத் திட்டங்களுக்கும் நிதி சேர்க்கும் எமக்கு இதற்குச் செலவு அதிகமில்லை. பெயர் தர விரும்புவோர் இன்றே செயலாளரிடம் கொடுங்கள். முதல் பெயர்களாக எமது பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டோம்.