பரத்தை நிற்கிறாள், பரத்தன் எங்கே?



ஒரு மொழி யாரைக் காக்கிறது, யாரைப் பழிக்கிறது என்பதை அதன் வசைச்சொற்களே காட்டிவிடும். தெருச் சண்டையில் ஒருவனைத் தாக்க எண்ணுகிறவன், அவன் தாயைத் 'தேவடியாள்' என்கிறான். சண்டைக்கே வராத பெண்மேல் அம்பு தைக்கிறது. அச்சொல்லின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அதன் முழுவடிவம் 'தேவரடியார்'. நாயன்மாரைக் குறிக்க நாம் வழங்கும் 'அடியார்' என்னும் சொல்லே அதனுள்ளும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 ஆடல் மகளிரை அமர்த்தினான். 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று அவர்களைக் கல்வெட்டுக் குறிக்கிறது. தளி என்பது கோயில். சேரி என்பது குடியிருப்பு. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பெற்றன. அவர்தம் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பெற்றன.

பின்னாளில் பொருள்வலி படைத்த ஆடவர், கோயில் மகளிரைத் தம் இன்பத்திற்குரியவராக ஆக்கினர். ஆக்கியவர் பெயர் கெடவில்லை. அம்மகளிர் பெயரே கெட்டது. 'ஆர்' என்னும் உயர்வீறு போய் 'ஆள்' நின்றது, மதிப்புப்பெயர் வசையாயிற்று. முத்துலக்குமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினர். 1947-இல் சென்னை மாநிலத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தது. வழக்கம் ஒழிந்தது, வசை ஒழிந்ததா?

'தாசி', 'வேசி' என்னும் வடசொற்களை விலக்கிப் 'பரத்தை' என்று சொல்லிவிட்டால் போதும் என்று நம்மவருள் சிலர் கருதுவர். போதாது! சொல்லை மாற்றி இழிவை வைத்துக்கொள்வது தமிழ்த்தொண்டு ஆகாது.

திருவள்ளுவரைப் பாருங்கள். அவ்வொழுக்கத்தைக் கடியும் அதிகாரத்திற்கும் 'வரைவின் மகளிர்' என்றே பெயரிட்டார். வரைவு என்பது திருமணம். மணவரம்புக்கு உட்படாத மகளிர் என்பதே அதன் நேர்ப்பொருள். 'புலவி நுணுக்கம்' என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலோ, தலைவி தன் தலைவனையே 'பரத்த' என விளிக்கிறாள். ஆம்! ஆணுக்கும் அச்சொல் இருந்தது. இன்று பரத்தை நிற்கிறாள். பரத்தன் வழக்கினின்றே தப்பி ஓடிவிட்டான்.

இத்தொழிலில் உள்ளோரும் மாந்த மதிப்புடன் நடத்தப்பெற வேண்டும் என்று 2022 மே மாதம் இந்திய உச்ச நயன்மன்றம் ஆணையிட்டது. மன்றம் சொல்லித்தானா நமக்கு இது தெரிய வேண்டும்?

எனவே, தோழர்களே, தாயைப் பழிக்கும் அவ்வசையை இன்றே நாவினின்று அகற்றுங்கள். வறுமையாலும் சூழ்ச்சியாலும் தள்ளப்பட்ட பெண்ணைச் சுட்ட நேர்ந்தால், 'பாலியல் தொழிலாளி' என்று மதிப்போடு சொல்லுங்கள். அவளை விலைபேசிச் சென்றவனைச் சுட்டுதற்கோ பழந்தமிழ்ச் சொல் ஒன்று காத்திருக்கிறது. நாம் மீட்க வேண்டிய தமிழ்ச் சொற்களுள் 'பரத்தன்' என்பதும் ஒன்று!