சத்தமில்லாமல் சாகும் டிஸ்க்



ஆடிட்டர் அலுவலகமோ, கட்டட வரைபடம் போட்டுத் தரும் இன்ஜினீயர் அலுவலகமோ, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமோ, எங்கே போனாலும் இன்று மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் வேலை இருப்பது அந்தக் கம்ப்யூட்டர்களில் இல்லை. ஒரு மூலையில், பெரும்பாலும் யூபிஎஸ்ஸை ஒட்டி, திரைகூட இல்லாத ஒரு பெட்டி ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். எல்லாருடைய ஃபைல்களும் அதற்குள்தான். அதுதான் ஃபைல் சர்வர். காலை பத்தரைக்கு அது நின்றுவிட்டால் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பெட்டிக்குள் தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டிய பொருள் ஹார்டு டிஸ்க். நிமிஷத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும் தட்டுகள். அவற்றின் மேல் தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்தபடி படித்து எழுதும் முனைகள். அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களில் ஓடிய சுமார் 1,00,000 டிஸ்க்குகளின் பதிவேடுகளைப் புரட்டி 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தயாரிப்பாளர்களின் விவரத்தாளை நம்பினால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு டிஸ்க்குகூடக் கெடக் கூடாது. ஆனால் இரண்டு முதல் நான்கு வரை மாற்றுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் அது 13 வரைக்கும் போனது.

இதற்கு மருந்து வெகு காலமாகவே இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளைப் போட்டு, எழுதுவதை எல்லாம் இரண்டிலும் எழுதுவது. மிரரிங் என்று பெயர். கலிஃபோர்னியாவின் டாண்டம் நிறுவனம் 1970-களிலேயே, நிற்கவே கூடாத வேலைகளுக்கென்று விற்ற கம்ப்யூட்டர்களில் இதைச் செய்தது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், ராண்டி காட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, நான் சொன்ன அதே கார்த் கிப்சன் எழுதிய கட்டுரைதான் இப்படிப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறைகளுக்கு ரெய்டு என்ற பெயரைக் கொண்டுவந்தது. அதில் முதலாம் படி இந்த மிரரிங். இன்று லினக்ஸ் இயங்குதளம் போட்ட எந்தச் சாதாரணப் பெட்டியிலும், தனியாக எதுவும் வாங்காமலேயே இதை அமைத்துவிடலாம். அதன் மேல் சாம்பா மென்பொருளை வைத்தால் அலுவலகத்து விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் ஃபைல்கள் வந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மிரரிங் செய்த சர்வரில் ஒரு டிஸ்க் செத்தால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாது. ஃபைல் திறக்கும், சேமிக்கும், பிரிண்ட் போகும். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தானே இரண்டு டிஸ்க் போட்டோம்? உண்மைதான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அலுவலகம் ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. பஞ்சரான டயரைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மாசக் கணக்கில் ஊர் சுற்றுகிறவரின் நிலைமை இது. அவருக்காவது டயர் மாற்றியது தெரியும். சர்வர் வைத்திருப்பவருக்கு அதுவும் தெரியாது.

லினக்ஸில் இந்தச் செய்தி எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பாருங்கள். எம்டிஸ்டாட் என்று ஒரு ஃபைல். அதைத் திறந்தால் நாலைந்து வரிதான். ஒரு வரியின் ஓரத்தில், சதுர அடைப்புக்குறிக்குள், யூ என்ற ஆங்கில எழுத்து இரண்டு முறை இருக்கும். ஒரு யூ ஒரு டிஸ்க். இரண்டும் நலமாக இருந்தால் யூ, யூ. ஒன்று போனால் அந்த எழுத்து மறைந்து, அது இருந்த இடத்தில் ஓர் அடிக்கோடு வரும். அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தின் பத்து வருஷ உழைப்பு ஒற்றைக் காலில் நிற்கிறது என்பதை அந்த அடிக்கோடு ஒன்றுதான் சொல்கிறது, அதுவும் யாராவது போய்ப் பார்த்தால். டிஸ்க் போனதும் மின்னஞ்சல் அனுப்பும்படி சர்வரிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் சர்வரை அமைத்துக் கொடுத்தவரின் பழைய முகவரிக்கு அது போய்க்கொண்டிருக்கும். அவர் வேறு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டிஸ்க் ஓராண்டுக்குள் போய்விடும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்று போனதும் மறுநாளே புதியதை மாட்டிவிட்டீர்கள். தனியாக நின்ற அந்த ஒரு நாளுக்குள் மற்றதும் போகிற வாய்ப்பு ஏறத்தாழ 12,000-ல் ஒன்று. கவனிக்காமல் ஓராண்டு விட்டுவிட்டால்? அந்த ஓராண்டுக்கு நூற்றுக்கு மூன்று. இரண்டு டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தவரும் ஒன்றே ஒன்று வாங்கியவரும் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நடைமுறையில் இன்னும் மோசமாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருப்போம். ஒரே தொகுதியில் தயாரானவையாக இருக்கும். ஒரே வெப்பத்தையும் ஒரே வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் பட்டிருக்கும். அண்ணன் போன வழியில் தம்பியும் போகக் காரணங்கள் உண்டு. அதனால்தான் இரண்டு டிஸ்க்குகளையும் வேறு வேறு கம்பெனியாக, இல்லையென்றால் வேறு வேறு மாதத்தில் வாங்குங்கள் என்கிறேன். மாற்று டிஸ்க் ஒன்றை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வையுங்கள் என்பதும் அதனால்தான். கடையில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

புதியதை மாட்டியதும் நிம்மதி வந்துவிடாது. 4 டெராபைட் டிஸ்க் என்றால், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் முழுவதையும் நகலெடுத்து முடிக்க ஏழரை மணி நேரம் ஆகும். அந்த ஏழரை மணி நேரமும், மிச்சமிருக்கும் பழைய டிஸ்க்கை முதல் அங்குலம் தொட்டுக் கடைசி அங்குலம் வரை படித்தாக வேண்டும். வருஷக் கணக்காக யாரும் திறக்காத பழைய ஃபைல்கள் இருக்கும் மூலைகளும் அதில் அடக்கம். அங்கே ஒரு பகுதி எப்போதோ கெட்டுப்போயிருந்தால் அன்றைக்குத்தான் தெரியவரும், திருத்த இரண்டாவது பிரதி இல்லாத அன்றைக்கு. டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிஸ்க்குகளையும் முழுக்கப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. சர்வர் மெதுவாகிறது என்று அதை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதே 2007-ல் வெளியான கூகுள் ஆய்வு, இப்படிப்பட்ட சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு பிழையே காட்டாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு என்று கண்டது. அந்த எச்சரிக்கை வீணாகப் போகக் கூடாது.

அடுத்த ஆபத்து மனிதக் கை. டாண்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் ஏன் நின்றன என்று ஆராய்ந்து 1985-ல் ஓர் அறிக்கை எழுதினார். எல்லாமே இரட்டையாக அமைந்த அந்த இயந்திரங்களில் வன்பொருள் கோளாறால் நின்றவை நூற்றுக்கு 18. இயக்குபவர்கள், பராமரிப்பவர்கள் பக்கம் நேர்ந்தவை 42. ரெய்டு கட்டுரை எழுதிய பேட்டர்சனும் பிற்காலத்தில் மனிதத் தவறுகளின் பக்கம்தான் வந்தார். அவரும் ஆரன் பிரவுனும் 2001-ல் வெளியிட்ட சோதனையில், ரெய்டு அமைப்பில் கெட்ட டிஸ்க்கை மாற்றுவதற்குச் சிலருக்குப் பயிற்சி கொடுத்து மாற்றச் சொன்னார்கள். பயிற்சிக்குப் பிறகும் தவறு நடந்தது. இந்த வேலையில் நடக்கக்கூடிய மிகக் கொடிய தவறு, கெட்டதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவுவது. அந்தச் சோதனையைப் படித்ததிலிருந்து, சர்வர் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது ஒன்று: இன்றைக்கே, இரண்டும் நன்றாக ஓடும்போதே, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கள். அலுவலகமே பின்னால் நின்று ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்கிற நேரத்தில் எது மேல், எது கீழ் என்று யோசிக்கிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையையும் நான் இங்கே உடைத்தாக வேண்டும். இரண்டு டிஸ்க் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் அநேகம். மிரரிங், எழுதியதை மட்டுமல்ல, அழித்ததையும் இரண்டிலும் செய்துவிடும், அதே நொடியில். 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளை படத்தின் ஃபைல்களைச் சரசரவென்று அழித்தது. பேக்கப்பைத் தேடிப் போனால், அது சரியாக ஓடவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால்தான் படத்தை மீட்க முடிந்தது. வேறொரு கட்டடத்தில் இருந்த அந்தப் பிரதி செய்த வேலையை, ஒரே பெட்டிக்குள் இருக்கும் இருபது டிஸ்க்குகளாலும் செய்ய முடியாது. பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் வைரஸும், இடி மின்னலும், திருட்டும், கூரை ஒழுகலும் அப்படித்தான். இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், சர்வர் போனால் அதன் சுமை முதலாளி தலையில் மட்டும் விழுவதில்லை. மூன்று மாத பில்களை மறுபடி முதலிலிருந்து அடிக்க ராத்திரி ராத்திரியாக உட்காருவது, வேலையில் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத பெண்ணும் பையனும்தான்.

ஆகவே, உங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் நாளைக்கு இரண்டு விஷயம் கேளுங்கள். டிஸ்க் கெட்டால் அந்த மின்னஞ்சல் யாருக்கு வரும்? நேரில் காட்டச் சொல்லுங்கள்; சோதனை மின்னஞ்சல் அனுப்ப ஒரே கட்டளை போதும். அடுத்து, மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு ஃபைலின் பெயரைச் சொல்லி, அதை பேக்கப்பிலிருந்து, சர்வரைத் தொடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை பாருங்கள்.