மின்பாதையருகே பணிபுரிவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி



கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1976இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் மூலமற்றம் நிலத்தடி மின்நிலையம் இன்று 780 மெகாவாட் திறன் கொண்டது. இடுக்கியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு 220 கிலோவோல்ட் மின்பாதை செல்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து பாலக்காட்டுக்கு 400 கிலோவோல்ட் பாதை வருகிறது. இவ்விரு எல்லைப் பகுதிகளிலும் மின்பாதையின் கீழ் உழைப்போர் பலர்.

மின்கம்பியில் பணிபுரிவோர் ஐந்து படிகளைத் தவறாது பின்பற்ற வேண்டும். மின்தொடர்பை முற்றிலும் துண்டித்தல்; சாவியிட்டுப் பூட்டி எச்சரிக்கைப் பலகை தொங்கவிடுதல்; மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்தல்; பணியிடத்தின் இருபுறமும் புவியிணைப்புச் செய்தல்; எழுத்து மூலமான பணி அனுமதி பெறுதல் ஆகியவையே அவை. துண்டித்த பின்னரும் புவியிணைப்பு எதற்கு என்ற ஐயம் எழலாம். முறையாகப் பிரிக்கப்படாத ஒரு வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம், மின்மாற்றி வழியே பின்னோக்கிப் பாய்ந்து, உயரழுத்தமாக மாறிக் கம்பியை அடையக்கூடும். பழக்கம் மிகுந்தோருக்கும் ஆபத்து உண்டு. 2011 ஜூன் மாதம் மூலமற்றம் நிலையத்தில் நேர்ந்த தீ விபத்தில் காயமுற்ற பொறியாளர் இருவரும் பின்னர் உயிரிழந்தனர்.

மின்துறையைச் சாராதோரின் நிலை இன்னும் கவலைக்குரியது. மாந்தோப்பில் இரும்புத் தொரட்டி ஏந்துபவரும், மிளகுக் கொடியருகே அலுமினிய ஏணி சாத்துபவரும், கம்பியைத் தொட்டால்தான் கேடு என்று எண்ணுகின்றனர். உயரழுத்தப் பாதையை உலோகம் மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றிடைவெளியைத் தாண்டிப் பாயும்.

எச்சரிக்கைப் பலகையும், மின்னதிர்ச்சிக்கு ஆளானோரை மீட்கும் குறிப்புகளும் மாவட்ட மொழியிலும் இருக்க வேண்டும் என 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக 2010இலும் 2023இலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. இங்கு மாவட்ட மொழி மலையாளம். ஆனால் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் சிற்றூர் வட்டத்திலும் தமிழ் பேசும் தொழிலாளர் மிகுதி. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த, கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே வழிசெய்தது. மனு எழுதுவதற்கு உரிய மொழி, உயிர் காப்பதற்கும் உரியதாக வேண்டாமா?

ஆகவே இப்பகுதிகளில் மலையாளப் பலகையுடன் தமிழ்ப் பலகையும் இடம்பெற வேண்டும். பயிற்சியும் தமிழில் நடைபெற வேண்டும். வகுப்பில் கையொப்பம் பெறுவதால் மட்டும் பயிற்சி நிறைவு பெறாது. தொழிலாளி ஐந்து படிகளையும் தம் வாயால் சொல்லி, தம் கையால் செய்து காட்ட வேண்டும். தோழர் ஒருவர் அதிர்ச்சியுற்றால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே அவரைத் தொட வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். பயிற்சியின் பயனை அளக்கும் முறை இதுவே.